அரங்குக்குள் இருந்த 86 வெள்ளி ரூபாய்: லட்சம் போகுமா, வெள்ளி விலைதானா?

கடிதத்தின் சுருக்கம்

அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அம்மா போன தை மாதம் காலமானார். அப்பா முன்பே இல்லை. காரியமெல்லாம் முடிந்து, வீட்டின் உள்ளறையான அரங்கைச் சுத்தம் செய்தபோது, அம்மாவின் டிரங்குப் பெட்டியில் பட்டுச்சேலைக்கு அடியில் ஒரு பித்தளைச் செம்பு இருந்திருக்கிறது. வாயைத் துணியால் இறுகக் கட்டியிருந்தது. உள்ளே 86 ஒரு ரூபாய்க் காசுகள். தாத்தா பாபநாசம் மில்லில் வேலை பார்த்தவர், ஆச்சி சேர்த்து வைத்து அம்மாவுக்குக் கொடுத்தது என்று வீட்டில் பேச்சு. வாசகர் பொறுமையாகப் பிரித்து எழுதி அனுப்பியிருக்கிறார்: விக்டோரியா ராணி தலை 14 (அதில் ஒன்பது 1862 என்று போட்டவை), எட்வர்டு 11, ஐந்தாம் ஜார்ஜ் 38, ஆறாம் ஜார்ஜ் 22 (1940 முதல் 1945 வரை), புலி போட்ட 1947 காசு ஒன்று. இவை போக, சங்கு முத்திரையும் 1112 என்ற எண்ணும் போட்ட சின்னக் காசுகள் ஐந்து.

வீடியோ ஒன்றில் ராணி தலைக் காசு பத்து லட்சம் போகும் என்று சொல்கிறார்கள். அதில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டதில், ‘பதிவுக் கட்டணம்’ என்று 1,950 ரூபாய் வாங்கிக்கொண்டு, இப்போது ‘ரிசர்வ் வங்கி ஒப்புதலுக்கு’ இன்னும் 18,000 கேட்கிறார்கள். டவுணில் ஒரு நகைக்கடையில் காட்டியபோது “எல்லாம் பாதி வெள்ளிதான், பழைய வெள்ளிக் கணக்கில் எடுத்துக்கிறேன்” என்றார்களாம். துபாயில் இருக்கும் தம்பி, ராணி தலையை எல்லாம் தனக்குக் கொடுத்தால் அங்கே கொண்டுபோய் விற்பதாகச் சொல்கிறார். தென்காசியில் கட்டிக்கொடுத்த அக்காவோ, “அம்மா இதை என் மகள் கல்யாணத்துக்குத் தருவதாக வாயால் சொன்னாள்” என்கிறார். இதற்கிடையில் வாசகர் பன்னிரண்டு காசுகளைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டார். “வக்கீல் என்ற முறையில் பங்கு விஷயமும், காசு சேர்க்கிறவர் என்ற முறையில் விலை விஷயமும் சொல்லுங்கள்” என்பது அவருடைய கேள்வி.

18,000 ரூபாய் கட்ட வேண்டாம்

அன்புள்ள வாசகருக்கு, மற்ற எதையும் படிக்கும் முன் இதைச் செய்துவிடுங்கள். அந்த எண்ணுக்கு இனி ஒரு பைசாவும் போகக்கூடாது. நீங்கள் காசை விற்கிறவர். விற்கிறவரிடம் எந்த வியாபாரியாவது முன்பணம் வாங்குவானா? ரிசர்வ் வங்கி பழைய காசு, பழைய நோட்டு வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை. அதற்குக் கட்டணமோ கமிஷனோ கேட்பதும் இல்லை. தன் பெயரைச் சொல்லி இப்படி ஏமாற்றுகிறார்கள் என்று 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே அறிக்கை விட்டு எச்சரித்தது. அந்த வீடியோக்காரர்கள் அனுப்பியதாக நீங்கள் சொல்லும் முத்திரை போட்ட ‘சான்றிதழ்’ வீட்டுக் கம்ப்யூட்டரில் செய்தது.

போன 1,950 ரூபாய்க்கு 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுங்கள். பணம் அனுப்பிய யூபிஐ பரிவர்த்தனை எண், தேதி, அவர்கள் பேசிய எண், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். சின்னத் தொகைதானே என்று விட்டுவிடாதீர்கள். புகார் சேரச் சேரத்தான் அந்தக் கணக்குகளை முடக்க வழி பிறக்கும். ‘போலீஸ் கேஸ் ஆகிவிடும்’, ‘கஸ்டம்ஸில் மாட்டிக்கொள்வீர்கள்’ என்று மிரட்டி அடுத்த போன் வரலாம். எடுக்காதீர்கள்.

அப்போ அந்தப் பத்து லட்சம்?

உங்கள் காசுகள் உண்மையானவையாகத்தான் தெரிகின்றன. ஆனால் பழையது என்பதாலேயே ஒரு காசு அரிதாகிவிடாது. உங்கள் செம்பில் உள்ளவற்றில் பெரும்பாலானவை கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டவை. ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட 1918-ஆம் வருஷக் காசை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கல்கத்தா, பம்பாய் இரண்டு நாணயச் சாலைகளிலும் சேர்த்து அந்த ஒரு வருஷத்தில் அடித்தது 40 கோடிக்கு மேல். முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கே வெள்ளி ரூபாய்க்கு அவ்வளவு தேவை. வெள்ளி பற்றாமல் போய், 1918-ல் அமெரிக்கா பிட்மன் சட்டம் என்று ஒன்று போட்டு 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கியது. அதில் பெரும்பங்கு வெள்ளி இந்தியாவுக்காக பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. உங்கள் தாத்தா சம்பளமாக வாங்கிய ரூபாயில் அந்த டாலரும் கொஞ்சம் கலந்திருக்கலாம்.

பிறகு 1940-ல் அரசு ரூபாயில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தது. பழைய முழு வெள்ளி ரூபாய்களை அடுத்த சில வருஷங்களில் திரும்பப் பெற்றது. சனங்கள் சும்மா இருப்பார்களா? நல்ல காசை அரங்குக்குள் வைத்துக்கொண்டு புதுக் காசைச் செலவழித்தார்கள். ஆச்சிமார்களின் சிறுவாடு முழுக்க இந்தக் காசுகள்தான். அதனால்தான் இன்றைக்கும் தாமிரபரணிக் கரையில் பத்து வீட்டுக்கு ஒரு வீட்டில் ஒரு செம்போ சுருக்குப் பையோ கிடைக்கிறது.

எனவே உங்கள் 86 காசில் மிகப் பெரும்பாலானவற்றின் விலை, அதிலுள்ள வெள்ளியின் விலையும் அதற்கு மேல் கொஞ்சமும்தான். அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்பதை வருஷம், அடித்த சாலை, தேய்மானம் மூன்றும் முடிவு செய்யும்.

ஒன்பது 1862 காசுகளைப் பார்த்து ‘எல்லாம் ஒரே வருஷம், ஏதோ விசேஷம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். விசேஷம் உண்டு, நீங்கள் நினைத்தது வேறு. 1862-ல் அந்த அச்சு வந்தபிறகு 1874 வரை வருஷத்தை மாற்றாமலே அடித்தார்கள். அதனால் பன்னிரண்டு பதின்மூன்று வருஷத்துக் காசு எல்லாம் 1862 என்றே இருக்கும். நாடு முழுக்க மிகச் சாதாரணமாகக் கிடைக்கும் ராணி காசு இதுதான். ஆனால் எந்த வருஷத்தில் அடித்தது என்பதற்குச் சின்னச் சின்னப் புள்ளிகளை அடையாளமாகப் போட்டார்கள். ஒரு லென்ஸை வைத்து, காசைச் சாய்த்துப் பிடித்து, ‘1862’ என்ற எண்ணின் அருகிலும் மேலே உள்ள பூவின் அருகிலும் பாருங்கள். ஊசி முனை அளவுப் புள்ளிகள் தெரியும். சில காசில் ஒன்றும் இருக்காது, சிலவற்றில் நான்கைந்து இருக்கும். அந்த எண்ணிக்கையை வைத்துச் சேகரிப்பவர்கள் தரம் பிரிக்கிறார்கள்; சில சேர்க்கைகளுக்கு நல்ல விலையும் கொடுக்கிறார்கள். ஒன்பதையும் இப்படிப் பார்த்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வேலை செய்வதற்குப் பலன் இருக்கக்கூடிய இடம் இது.

ஐந்தாம் ஜார்ஜ் 38-ல் ஒன்று 1911 என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். ராஜாவின் மேலங்கியில் உள்ள யானையைப் பாருங்கள். தும்பிக்கை குட்டையாகி, பார்க்கப் பன்றி மாதிரி இருக்கும். அதனால் எழுந்த எதிர்ப்பில் அரசு அதை நிறுத்தியது. அடித்தது 94 லட்சம், வெளியே விட்டது சுமார் 7 லட்சம், மீதியை உருக்கிவிட்டார்கள். 1912-லிருந்து யானைக்கு நீளத் தும்பிக்கை வந்துவிட்டது. ‘பன்றி ரூபாய்’ என்று காசு சேர்ப்பவர்கள் தேடி வாங்குவார்கள். சாதாரண ஜார்ஜை விடக் கூடுதலாகப் போகும், லட்சமெல்லாம் போகாது. 1921, 1922 போட்டவை இருந்தால் அவற்றையும் ஒதுக்கி வையுங்கள். அவை குறைவாக அடிக்கப்பட்டவை.

எட்வர்டு 11-ஐயும் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. வெள்ளி.

1947 புலிக் காசுக்கு வருகிறேன். சுதந்திரம் கிடைத்த வருஷம் என்பதால் இதற்குத்தான் அதிக விலை என்று நினைத்திருக்கிறீர்கள். பிரிட்ஜ் கதவில் ஒட்டும் ஒரு காந்தத்தைக் கொண்டு வந்து பக்கத்தில் வையுங்கள், ஒட்டிக்கொள்ளும். அது நிக்கல், அந்த வருஷம் ரூபாயில் வெள்ளியே இல்லை. நல்ல நினைவுப் பொருள், வைத்துக்கொள்ளுங்கள். மற்ற 85-ல் எதுவும் காந்தத்தில் ஒட்டக்கூடாது. ஒட்டினால் அது போலி.

சங்குக் காசு ஐந்தும், 1112 என்ற எண்ணைப் பார்த்து நீங்கள் நினைத்தபடி, சோழர் காலத்தவை இல்லை. 1112 என்பது கொல்லம் ஆண்டு. நம் பக்கத்துப் பழைய பத்திரங்களில் ‘கொல்லம் இத்தனையாவது வருஷம்’ என்று படித்திருப்பீர்களே, அதேதான். 824-ஐயும் 825-ஐயும் தனித்தனியே கூட்டிப் பாருங்கள்: 1936-37 வரும். திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் காசு, ‘பணம்’ என்பார்கள். நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். செங்கோட்டை அந்தச் சமஸ்தானத்தில்தானே இருந்தது! 1956-ல்தான் அது நம் பக்கம் சேர்ந்தது. ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் போய்வந்தவர்கள் மூலம் அம்பாசமுத்திரம் வரை இந்தக் காசு வந்ததில் அதிசயம் இல்லை. சின்னதாக இருப்பதால் வெள்ளி மதிப்பு சொற்பம். ஆனால் தேயாமல் இருந்தால் இதற்குத் தனியாக ஆட்கள் உண்டு. கேரளத்தில் இன்னும் அதிகம்.

நகைக்கடை சொன்ன ‘பாதி வெள்ளி’

இந்த இடத்தில்தான் உங்களுக்கு உண்மையான நஷ்டம் வரப் பார்த்தது. வீடியோக்காரனை விட இதுதான் பெரிய தொகை. கடைக்காரர் சொன்னது 1940 முதல் 1945 வரை உள்ள 22 ஆறாம் ஜார்ஜ் காசுகளுக்கு மட்டுமே பொருந்தும்.

1939 வரை ஒரு ரூபாய் 11.66 கிராம், 91.7 டச் (நூற்றுக்கு 91.7 பங்கு சுத்த வெள்ளி). அதாவது ஒரு காசில் சுத்த வெள்ளி 10.69 கிராம். 1940-க்குப் பிறகு அதே எடை, 50 டச். சுத்த வெள்ளி 5.83 கிராம். உங்களிடம் முதல் வகை 63, இரண்டாம் வகை 22. கூட்டிப் பாருங்கள், ஏறக்குறைய 800 கிராம் சுத்த வெள்ளி. கைமாறித் தேய்ந்ததில் கொஞ்சம் குறையும், அதனால் எடை போட்டுத்தான் கணக்குச் செய்ய வேண்டும். எல்லாமே பாதி வெள்ளி என்று கொடுத்திருந்தால் 495 கிராமுக்குத்தான் பணம் வந்திருக்கும். 300 கிராம் வெள்ளி சத்தமில்லாமல் கல்லாவுக்குப் போயிருக்கும். அவர் வேண்டுமென்றே சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று நான் சொல்ல முடியாது. கையில் வாங்கிப் பார்த்தது ஆறாம் ஜார்ஜாக இருந்திருந்தால் அதை வைத்து மொத்தத்துக்கும் சொல்லியிருக்கலாம்.

வெள்ளி விலை தினமும் ஆடுகிறது, எனவே சூத்திரத்தைத் தருகிறேன். அன்றைய சுத்த வெள்ளி ஒரு கிராம் விலையை 10.69-ஆல் பெருக்கினால் 1939 வரையிலான காசு, 5.83-ஆல் பெருக்கினால் 1940-க்குப் பிந்தைய காசு. கணக்குக்காகக் கிராம் 100 ரூபாய் என்று வைத்தால் முதலாவது 1,069, இரண்டாவது 583. இதுதான் தரை. உருக்குச் செலவு என்று நகைக்கடை இதிலிருந்து கழிக்கும். காசு சேர்ப்பவர் இதற்கு மேல் வைத்துக் கேட்பார். இரண்டு வகையையும் தனித்தனிப் பையில் கொண்டுபோய், டச் மெஷினில் உங்கள் கண் முன்னால் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உரசியோ வெட்டியோ பார்க்க விடாதீர்கள், பிறகு சேகரிப்பவர் யாரும் அதைத் தொட மாட்டார்.

ஒரு விஷயம் நடுவில். பண்டிகைக்குக் கடைகளில் ராஜா தலை, ராணி தலை போட்டுப் புதிதாகப் பத்து கிராம் வெள்ளிக் காசு விற்கிறார்கள். யார் வீட்டுக் காசாவது உங்கள் செம்பில் கலந்திருந்தால் எடையே காட்டிக் கொடுத்துவிடும். அதேபோல், உங்களிடம் 1939 இல்லை என்று வருந்தாதீர்கள். 1939 போட்ட ரூபாய் உண்மையிலேயே அரிது. அதனாலேயே 1938-ன் கடைசி எண்ணைச் செதுக்கி 1939 ஆக்கியவை அதிகம் உலவுகின்றன. யாராவது கொண்டு வந்து நீட்டினால் வாங்கிவிடாதீர்கள்.

புளி

தேய்த்தது தேய்த்ததுதான், திரும்பக் கருக்க வைக்க எந்த மருந்தும் தடவ வேண்டாம். வெள்ளி மேல் ஐம்பது அறுபது வருஷத்தில் படியும் அந்தச் சாம்பல், நீலம் கலந்த கருமையைத்தான் சேகரிப்பவர்கள் முதலில் பார்க்கிறார்கள். அது இருந்தால் காசு கைபடாமல் இருந்தது என்று பொருள். புளி, விபூதி, பற்பசை எது போட்டுத் தேய்த்தாலும் மேல்பரப்பில் மயிரிழைக் கீறல் விழுகிறது. வெளிச்சத்தில் திருப்பினால் வட்ட வட்டமாகத் தெரியும். நீங்கள் தேய்த்த பன்னிரண்டும் சாதாரண ஜார்ஜ் காசுகள் என்று எழுதியிருப்பதால் பெரிய சேதம் இல்லை. அவை வெள்ளி விலைக்குப் போகும். 1911-ஐயும் ராணி காசுகளையும் தொடாமல் விட்டீர்களே, அது போதும்.

இனிமேல் காசை விளிம்பைப் பிடித்து எடுங்கள். ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனிக் காகித உறையில் போடுங்கள். மெத்தென்ற பிளாஸ்டிக் உறைகள் வேண்டாம், நாளடைவில் பசை மாதிரி ஒட்டிக்கொண்டு பச்சை பிடிக்க வைக்கும். பூசைக்கு வைப்பதானால் குங்குமம் நேராகப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொக்கி ஒட்டிப் பேத்தி கழுத்தில் போடலாமா என்று உங்கள் மனைவி கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். தேய்த்த பன்னிரண்டில் ஒன்றில் தாராளமாகப் போடுங்கள். பற்ற வைத்த காசுக்குச் சேகரிப்பு விலை போய்விடும், வெள்ளி விலை எங்கும் போகாது.

அக்காவுக்கு என்ன உரிமை

இது உங்கள் அம்மாவின் சொத்து. இந்துக் குடும்பம் என்று கடிதத்திலிருந்து எடுத்துக்கொள்கிறேன். இந்து வாரிசுரிமைச் சட்டம் 15-ஆம் பிரிவுப்படி, உயில் எழுதாமல் இறந்த பெண்ணின் சொத்து மகன், மகள், கணவன் எல்லோருக்கும் சமமாகப் போகும். அப்பா இல்லாததால் நீங்கள் மூவரும் தலைக்கு மூன்றில் ஒன்று. ‘வெள்ளி, பாத்திரம் பெண்பிள்ளைக்கு, நிலம் ஆண்பிள்ளைக்கு’ என்பது ஊர்ப் பேச்சு. ‘கட்டிக்கொடுத்து நகை போட்டாச்சு, இனி என்ன பங்கு’ என்பதும் அப்படியே. இரண்டும் சட்டத்தில் நிற்காது.

அக்கா சொல்வதும் முழுதாக நிற்காது. ‘தருவேன்’ என்று அம்மா வாயால் சொன்னது உயில் ஆகாது. உயில் எழுத்தில் இருந்து, அம்மா கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட்டிருக்க வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அசையும் பொருளைத் தானமாகக் கொடுக்கப் பத்திரம் தேவையில்லை, கையில் கொடுத்தாலே போதும். கடிதத்தில் ஒரு வரியில், ‘மூத்தவள் வளைகாப்புக்கு அம்மா அக்காவிடம் பத்துக் காசு கொடுத்தாள், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று தம்பி சொல்கிறான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பத்தும் அன்றே அக்காவுடையது ஆகிவிட்டது. தம்பி கேட்பது தப்பு. பங்கு செம்பில் இருந்தவற்றுக்கு மட்டும்.

பிரிக்கும் விதத்தில்தான் சண்டை வரும் என்று எனக்குப் படுகிறது. மொத்த எண்ணிக்கையை மூன்றால் வகுத்து ஆளுக்கு இத்தனை என்று கையால் அள்ளிக் கொடுத்தால் அநியாயம் நடந்துவிடும். ஒரு முழு வெள்ளிக் காசு கிட்டத்தட்ட இரண்டு பாதி வெள்ளிக் காசுக்குச் சமம். ‘ராணி தலை எனக்கு, ராஜா தலை உங்களுக்கு’ என்று தம்பி கேட்பதும் எதிர்பார்த்த லாபத்தைத் தராது, ராணி தலையிலும் ஐந்தாம் ஜார்ஜ் தலையிலும் வெள்ளி ஒன்றுதான். நல்லவேளையாக உங்கள் எண்ணிக்கை வாகாக அமைந்திருக்கிறது: 63-ஐ மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு 21, 22-ல் ஆளுக்கு 7, ஒன்று மிஞ்சும். அதற்கு முன் 1911 காசையும், புள்ளி பார்த்து ஒதுக்கிய 1862 காசுகளையும் விலை கேட்டு, வேண்டும் என்பவர் எடுத்துக்கொண்டு மற்ற இருவருக்கும் அவரவர் பங்கைப் பணமாகக் கொடுக்கட்டும். மூவரும் கேட்டால் பிள்ளையார் முன் சீட்டுப் போடுங்கள். சட்டப் புத்தகத்தில் இல்லாத யோசனைதான், ஆனால் என் அனுபவத்தில் கோர்ட்டை விடச் சீக்கிரம் முடிகிறது.

அக்கா மகள் கல்யாணத்துக்கு என்று நீங்களும் தம்பியும் மனதாரக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் அது வேறு. அத்தான் முன்னிலையில் பங்கைப் பிரித்துவிட்டு, பிறகு மாமன் சீராக உங்கள் பங்கிலிருந்து கொடுங்கள். முதலிலேயே கலந்துவிட்டால் நாளைக்கு யார் யாருக்குக் கொடுத்தது என்று மதினிமார் வரை பேச்சு வளரும்.

இன்னொரு சந்தேகம், இது புதையல் ஆகுமா, கலெக்டருக்குச் சொல்ல வேண்டுமா என்பது. 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் மண்ணுக்குள்ளோ, மண்ணோடு சேர்ந்த கட்டடம் போன்றவற்றுக்குள்ளோ ஒளித்து வைத்தது கிடைத்தால்தான் பொருந்தும். தோட்டத்தில் வெட்டியபோதோ பழைய சுவரை இடித்தபோதோ கிடைத்திருந்தால் எழுத்து மூலம் கலெக்டருக்குச் சொல்லியே ஆகவேண்டும், மறைத்தால் தண்டனை. அம்மா பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகியிருந்த டிரங்குப் பெட்டிக்கு அந்தச் சட்டம் இல்லை.

துபாய்க்குக் கொண்டுபோகக் கூடாது

தம்பியிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். 1972-ஆம் வருஷத் தொல்பொருள் சட்டத்தில், 100 வருஷம் ஆன காசும் தொல்பொருள்தான். அப்படிப்பட்டதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகத் தனியாருக்கு உரிமை இல்லை. உங்கள் விக்டோரியா, எட்வர்டு எல்லாம் அதில் அடங்கும். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் 1922-க்கு மேல் புழக்கத்துக்கு அடிக்கப்படவில்லை என்பதால் அவையும் இப்போது அந்த வரம்பைத் தாண்டிவிட்டன. விமான நிலையத்தில் பிடிபட்டால் காசு பறிபோவது மட்டும் இல்லை. ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று வருஷம் வரை சிறையும் அபராதமும் சட்டத்தில் இருக்கிறது. துபாய் விசா வைத்திருப்பவர் இதற்காகப் பாஸ்போர்ட்டில் வழக்கை ஏற்றிக்கொள்வதா? இந்தக் காசை விரும்பி வாங்கும் ஆட்கள் அதிகம் இருப்பதும் இங்கேதான்.

உள்நாட்டில் உங்கள் சொந்தக் காசை ஒரு தடவை விற்பதற்கு உரிமம் தேவையில்லை. உரிமம் தொல்பொருள் விற்பதைத் தொழிலாகச் செய்பவருக்கு.

விற்பதானால்

அவசரம் இல்லை என்று நீங்களே எழுதியிருப்பதால், சாதாரணக் காசுகளை வெள்ளியாக நினைத்து வைத்திருப்பதிலும் தப்பில்லை. விற்றே தீருவது என்றால் ஒதுக்கிய காசுகளை மட்டும் நாணயக் கண்காட்சிக்கு எடுத்துப் போய் மூன்று வியாபாரிகளிடமாவது கேளுங்கள். இணையத்தில் பார்க்கும்போது, ஒருவன் கேட்கும் விலையைப் பார்க்காமல், ஏலத்தில் விற்று முடிந்த விலையைப் பாருங்கள். பத்து லட்சம் என்று யார் வேண்டுமானாலும் எழுதிப் போடலாம், வாங்கியவர் யார்? பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்தில் சங்குக் காசு போன்றவற்றை அடையாளம் காணக் கேட்டுப் பார்க்கலாம்; விலை கேட்காதீர்கள், அது அவர்கள் வேலை இல்லை.

வரி பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உங்கள் கடிதத்தில் இருக்கிறது. ‘அம்மா வெள்ளிக்கிழமை தோறும் லட்சுமி பூசையில் வைத்த காசு, வீட்டு உபயோகப் பொருள், வரி கிடையாது’ என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ராஜஸ்தானில் ஒரு முன்னாள் மகாராஜா இதே வாதத்தைத்தான் வைத்தார்: சவரன், வெள்ளி ரூபாய், வெள்ளிக் கட்டி எல்லாம் லட்சுமி பூசைக்கு வைப்பவை, சொந்த உபயோகப் பொருள் என்று. உச்ச நீதிமன்றம் 1976-ல் ஏற்கவில்லை. எனவே லாபத்துக்கு மூலதன ஆதாய வரி உண்டு, இப்போது 12.5 சதவீதம். அம்மா வைத்திருந்த காலமும் கணக்கில் சேரும். 2001 ஏப்ரல் 1-ஆம் தேதி மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். மூவரும் பிரித்துக்கொண்டு அவரவர் பங்கை விற்றால், வருமானம் குறைவாக உள்ளவருக்கு வரியே வராமலும் போகலாம். ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஒரே ஆளிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது, வங்கி வழியாக வாங்குங்கள்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். அக்காவை வரச் சொல்லி, தம்பியை வீடியோ காலில் வைத்துக்கொண்டு, எல்லாக் காசையும் பாயில் பரப்பி இரண்டு பக்கமும் படம் எடுங்கள். தலை, வருஷம், எடை எழுதிய பட்டியல் போட்டு நீங்களும் அக்காவும் கையெழுத்திடுங்கள். அந்தப் பட்டியலைத் தம்பிக்கு அனுப்பி, சம்மதம் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். அவர் ஊருக்கு வரும்போது அசலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம். அதுவரை செம்பு வங்கி லாக்கரில் இருக்கட்டும், முடிந்தால் அக்கா பெயரும் உங்கள் பெயரும் சேர்ந்த லாக்கரில். 1862 காசுகளின் புள்ளிகளை எண்ணிவிட்டீர்கள் என்றால் அந்தக் குறிப்பை எனக்கும் அனுப்புங்கள், எதைத் தனியாக ஏலத்துக்கு விடலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.